கூச்சத்தைக் கண்டிப்பதா, போர்த்துவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடையும் ஒழுக்கமும் பற்றிச் சில வாரங்களாக உங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தவறாமல் படித்து வருகிறேன். உடம்பைக் குறித்த கூச்சமே இந்த மண்ணுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்து சேர்த்த நோய் என்று ஒருவர் எழுத, அதற்கு மறுமொழியாக இன்னொருவர், ஆலயத்துக்கு வரும் இளம்பெண்கள் எதை உடுத்தலாம், எதை உடுத்தக்கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். இருவருமே வேதாகமத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்து அந்த வசனங்களைக் கேட்டு வளர்ந்தவள் என்பதாலும், 36 ஆண்டுகள் வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து, அந்நியருடைய உடம்பைத் துடைத்தே சம்பளம் வாங்கியவள் என்பதாலும், எனக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஆதியாகமத்தின் 2-ஆம் அதிகாரம், முதல் மனிதனும் அவன் மனைவியும் நிர்வாணிகளாயிருந்தும் வெட்கப்படாதிருந்தார்கள் என்று முடிகிறது. அதற்கு அடுத்த அதிகாரத்தைத்தான் நாம் அவசரமாகப் படித்துவிடுகிறோம். அத்தியிலைகளைத் தைத்து அரைக்கச்சை கட்டிக்கொண்ட பிறகுதான் ஆதாம், 'நான் நிர்வாணியாயிருப்பதினால் பயந்து, ஒளித்துக்கொண்டேன்' என்கிறான். இடுப்பில் இலை இருக்கிறது. இருந்தும் தன்னை நிர்வாணி என்கிறான். தப்பு செய்துவிட்டு அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற பிள்ளைக்கு உடம்பெல்லாம் சட்டை இருந்தாலும் இதே கூச்சம்தான் வரும். கடவுளும், 'நீ நிர்வாணி என்று உனக்கு அறிவித்தவன் யார்?' என்று கேட்கிறாரே ஒழிய, உன் உடம்பு அசிங்கமானது என்று அந்த அதிகாரத்தில் எங்கும் சொல்லவில்லை.

அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தை, தோல் தொழிலைப் பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். 'தேவனாகிய கர்த்தர் ஆதாமுக்கும் அவன் மனைவிக்கும் தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார்.' என் தகப்பனார் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை செய்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டு எடுக்கவேண்டும். அவர் விரல் நகங்களின் நிறமும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாசமும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. தோல் உடை என்பது இலையைப் போலப் பறித்த உடனே தைத்துவிடக் கூடியதல்ல. ஓர் உயிர் போகவேண்டும், ஒருவருடைய கை வெந்துபோகவேண்டும். அந்த வேலையைச் செய்த கைகளைத் தொடத் தயங்கிய தெருக்கள் இருந்த ஊரில் நான் வளர்ந்தேன். கடவுளே அந்த வேலையைத் தம் கையால் செய்தார் என்ற ஒரு வரி எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

வெட்கப்பட்டு நிற்கிறவர்களிடம், வெட்கப்படாதே என்று அவர் வாதாடவில்லை. இன்னும் நன்றாக வெட்கப்படு என்று குத்திக்காட்டவும் இல்லை. உடுத்திவிட்டார். தோட்டத்தை விட்டு அனுப்பியது அதற்குப் பிறகுதான்.

முதல் கடிதம் எழுதியவருக்கு வருகிறேன். இந்த மண்ணில் நிர்வாணம் வெட்கத்துக்குரியதாக இருந்ததே இல்லை என்று அவர் சொல்வது பாதிதான் சரி. போளூருக்கு அருகே, பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருமலையில், சுமார் 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் ஆடையின்றி நிற்கிறார். அவர்முன் நிற்கும் எவருக்கும் கூச்சம் வருவதில்லை. ஆனால் அது எல்லாவற்றையும் துறந்தவருடைய கோலம். துறவாத சாதாரண மனிதர்களுக்கென்று 'நாணுடைமை' என ஓர் அதிகாரத்தையே திருவள்ளுவர் எழுதி வைத்திருக்கிறார். எந்த மிஷனரி வந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்?

திருவிதாங்கூரின் தோள்சீலைக் கலகத்தையும் அவர் குறிப்பிட்டு, மிஷனரிகளின் மனைவிமார் ரவிக்கை தைத்துக் கொடுத்துக் கூச்சத்தைப் புகுத்தினார்கள் என்கிறார். அந்தக் கலகத்தில் நின்ற நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடியது கூச்சத்துக்காக அல்ல. உயர்சாதியார் முன்னிலையில் மார்பை மூடக்கூடாது என்று சாதி போட்டிருந்த கட்டளையை உடைக்கவே அவர்கள் அடிபட்டார்கள். 1859 ஜூலையில் வந்த அரச அறிவிப்புகூட, மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மூடக்கூடாது என்றுதான் அனுமதி கொடுத்தது. திறந்திருப்பது தன் விருப்பமாக இருந்தால் ஒரு பொருள். பிறர் கட்டளையாக இருந்தால் முற்றிலும் வேறு பொருள். மூடுவதற்கும் இது பொருந்தும் என்பதை இரண்டாவது கடிதம் எழுதியவர் கவனிக்க வேண்டும்.

திருச்சபையின் பக்கம் குற்றமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முதல் நூற்றாண்டுகளில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் ஆடையைக் களைந்துவிட்டே தண்ணீரில் இறங்கினார்கள். பெண்களுக்கு எண்ணெய் பூசப் பெண் ஊழியர்களே இருந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த சிரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம், எல்லார் பார்வையிலும் நிர்வாணிகளாயிருந்தும் நீங்கள் ஆதாமைப் போல வெட்கப்படாதிருந்தீர்கள் என்று பெருமையாகவே நினைவூட்டுகிறார். இறையியலாளர் அகுஸ்தீன், பாவத்துக்குப் பின் உடம்பு மனத்தின் சொல் கேளாமற்போனதே வெட்கத்துக்குக் காரணம் என்று விளக்கினார். அவர் உடம்பைத் தீயது என்று சொல்லவில்லை என்றாலும், அவருக்குப் பின் வந்த பலருடைய பிரசங்கங்களில் அந்த நுணுக்கம் தேய்ந்து, உடம்பே குற்றவாளியாகிவிட்டது. மைக்கேலாஞ்சலோ வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் உருவங்களுக்கு 1565-இல் இடுப்புத்துணி வரைந்து சேர்த்த கதையும் எல்லாருக்கும் தெரிந்ததே. போப் இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் ஆற்றிய உரைகளில், வெட்கமில்லாத அந்த முதல் நிர்வாணத்துக்கே திரும்பிப் போய், மனித உடம்பின் மாண்பை நிதானமாக விளக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர், மருத்துவம் படிக்க எண்ணம் இல்லாத இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்த மனைவிக்காக ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து அழைத்தார்கள். என் தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். கூச்சம் உயிரையும் வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் குடும்பங்களின் அறியாமையைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்து விநியோகிப்பது ஐடாவுக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பி, ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார்; 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் திறந்தார். வேற்று ஆண் தொடக்கூடாது என்றவர்களுக்குப் பெண் கையை உண்டாக்கிக் கொடுத்தார். தோல் உடை தைத்த வசனத்துக்கு இதைவிட நல்ல விரிவுரையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

என் சொந்தத் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டு, நான் இரண்டாம் ஆண்டு மாணவி. படுக்கையில் இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டுவதற்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், முதலில் திரை, பிறகுதான் தண்ணீர் என்பது. ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் திறந்து, துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அன்று காலை எனக்கு ஆறு பேர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோயிருந்த பெரியவர் ஒருவரின் கட்டிலுக்குத் திரை இழுக்காமல், போர்வையையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு, தண்ணீர் ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று துடைக்க ஆரம்பித்தேன். எதிர்க் கட்டில்காரரைப் பார்க்க நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். உடுக்கை இழந்தவன் கை உடனே ஓடிவந்து பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவருக்கு ஒரு கை விழுந்துவிட்டது, மறு கையை அசையாமல் அட்டையில் கட்டிக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவரால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று. கண்களை இறுக மூடிக்கொண்டார். வார்டு சிஸ்டர் எங்கிருந்து பார்த்தாரோ, பக்கத்துக் கட்டிலின் விரிப்பை உருவிக்கொண்டு வந்து போர்த்தி, "ஐயா, மன்னிச்சிடுங்க, எங்க தப்பு" என்றார். என்னை அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாலையில் தனியாகக் கூப்பிட்டு, நோவாவின் பிள்ளைகள் எப்படிப் போர்த்தினார்கள் என்று மட்டும் கேட்டார். குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடந்த தகப்பனை ஒரு மகன் பார்த்து வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னிட்டு நடந்துபோய் மூடினார்கள்.

அன்றிலிருந்து வேதாகமத்தை இந்தக் கண்ணோடு படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. கல்லறைகளில் ஆடையின்றித் திரிந்த மனிதனை இயேசு குணமாக்கியபின், ஊரார் வந்து பார்க்கையில் அவன் 'வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து' உட்கார்ந்திருந்தான் என்று மாற்கு எழுதுகிறார். அந்த வஸ்திரம் யாருடையது, யார் உடுத்தியது என்று அவர் சொல்லவில்லை. செவிலியர் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த வசனத்தைத் தாண்டமாட்டார். போர்த்துகிறவராகவே இருந்த இயேசுவைத்தான் கடைசியில் உரிந்துபோட்டார்கள். பெரிய வெள்ளிக்கு முந்திய நாட்களில் கத்தோலிக்கத் தோழி ஒருவருடன், இயேசுவின் பாடுகளை 14 தலங்களாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்குப் போவதுண்டு. 10-ஆம் தலத்தில், இயேசுவின் ஆடைகளை உரிகிறார்கள் என்று வாசிக்கும்போது எனக்கு அந்தப் பெரியவரின் மூடிய கண்கள்தான் நினைவுக்கு வரும்.

இனி வாசலில் பலகை வைக்கச் சொன்னவருக்கு. சில மாதங்களுக்கு முன் இப்பகுதியில் ஓர் ஆலயத்தின் படிக்கட்டில், துப்பட்டா இல்லாமல் வந்த கல்லூரி மாணவி ஒருத்தியைச் சபை மூப்பர் ஒருவர் நிறுத்தி, எல்லாரும் பார்க்க ஒரு சால்வையை நீட்டினார். துணி கொடுத்தார் அல்லவா என்று கேட்கலாம். அதுவரை அந்தப் பெண்ணை யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்கவில்லை; அவர் நீட்டிய பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவள் சால்வையைப் படியிலேயே மடித்து வைத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுது, ஆராதனைக்கு வராமலே போய்விட்டாள். அப்படிச் செய்வதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் தீமோத்தேயுவுக்கான முதல் நிருபத்தை முழுவதுமாகப் படித்தால், அங்கே பவுல் பெயர் சொல்லிக் கண்டிப்பது மயிர் பின்னுதலையும், பொன்னையும், முத்தையும், விலையேறப்பெற்ற வஸ்திரத்தையும்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் காஞ்சிபுரம் பட்டும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக வருகிறவர்களை எந்த மூப்பரும் எந்தப் படியிலும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நானே அப்படிப் போயிருக்கிறேன். இச்சையோடு பார்ப்பதைப் பற்றி இயேசு பேசியபோதும், பிடுங்கிப் போடச் சொன்னது பார்க்கிறவனுடைய கண்ணை.

துணி கொடுத்தே ஆகவேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனையோ மருத்துவமனைப் பொது வார்டுகளில் நான்கு கட்டிலுக்கு ஒரு திரை என்ற நிலைதான், அதுவும் கிழிந்திருக்கும். பெட்பேன் வைக்கும்போது நோயாளியின் மகளோ மருமகளோ தன் புடவை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் மூவரும் தையல் தெரிந்த சிலருமாகச் சேர்ந்து, வெளியே நிழல் தெரியாத கெட்டிக் காடாத் துணியில் இதுவரை 22 திரைகள் தைத்து இரண்டு மருத்துவமனைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். துணிக்குப் பணம் சேர்ந்துவிடுகிறது, தைக்கவும் ஆள் இருக்கிறார்கள். திரையைத் தொங்கவிடும் ஸ்டாண்டுகளில் பாதிக்கு மேல் சக்கரம் கழன்று கிடக்கின்றன. வெல்டிங் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் வந்து உதவினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.