செயலாளர் ஆண்டறிக்கை: நின்ற பிறகு ஓடாமல், நிற்கும் முன்பே பார்க்க

தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி இடத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆண்டு முழுக்க நம் பேச்சு அதைச் சுற்றித்தான் இருந்தது: கம்ப்யூட்டரோ சர்வரோ நின்ற பிறகு ஆளைத் தேடி ஓடுவதை விட்டு, நிற்பதற்கு முன்பே கவனிக்கும் வழக்கத்துக்கு நம் உறுப்பினர் நிறுவனங்களைக் கொண்டுவருவது.

கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிவிடலாம் என்று தொடக்கத்தில் சிலர் சொன்னார்கள். செயற்குழு வேண்டாம் என்றது, அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது எதைக் கண்காணிப்பது? அதனால் முதல் வேலையாகப் பட்டியல் போடச் சொன்னோம். எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஆண்டு வாங்கியது, வாரண்டி எப்போது முடிகிறது, என்ன இயங்குதளம், அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது, டொமைன் பெயர் (இணையதளத்தின் முகவரிப் பெயர்) யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்விதான் பலரைத் திடுக்கிட வைத்தது. வேலையை விட்டு எப்போதோ போன ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் நிறுவனத்தின் டொமைன் இருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். ஒரு நாள் காலையில் இணையதளமும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை என்று ஆகும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

விண்டோஸ் 10 எங்கெல்லாம் ஓடுகிறது என்பதும் இந்தப் பட்டியலில்தான் வெளிப்பட்டது. அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் தருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட தேதி அது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது, அதாவது கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் அந்தச் செலவை ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதுதான்.

அப்டேட் பற்றிய விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. 2017 மே 12 அன்று ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவும் சிக்கின. இதைச் சொன்னதும் இன்னொரு பக்கத்திலிருந்து 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்தினார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான ஒரு அப்டேட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இரண்டுமே நடந்தவைதான். ஆனால் இரண்டாவதைக் காட்டி அப்டேட்டே வேண்டாம் என்று இருப்பது பெரிய ஆபத்து. நாம் ஒத்துக்கொண்ட வழி இது: முக்கியமில்லாத ஓரிரு கம்ப்யூட்டர்களில் முதலில் போடுவது, சில நாள் பார்ப்பது, அப்புறம் மற்றவற்றில். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே அந்தச் சம்பவத்துக்குப் பிறகு படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது.

ஹார்ட் டிஸ்க் பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற வசதியில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சொல்லாமல் போகிற டிஸ்க்குகளும் உண்டு. அதனால்தான் பேக்கப் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தீர்களா என்று கேட்டால்தான் அமைதி. அதற்காகவே மீட்புச் சோதனை நாள் ஒன்றை வைத்தோம். உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் நடந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். பேக்கப் மென்பொருளில் ஒவ்வொரு இரவுக்கும் நேராகப் பச்சை டிக் இருந்தது, டிஸ்க்கில் இடமும் நிறைந்துகொண்டே வந்தது. கணக்கு ஃபைலை எடுத்துத் திறந்தால் அது பழைய ஆண்டோடு நின்றிருக்கிறது. கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது தரவு வேறு ஃபோல்டருக்குப் போய்விட்டது. பேக்கப் மட்டும் பழைய ஃபோல்டரையே ஒழுங்காக நகலெடுத்துக்கொண்டிருந்தது. அன்று அது சோதனை, அதனால் ஃபோல்டரை மாற்றியதோடு முடிந்தது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப்பில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை; தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. ஆகவே மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியோடு, காலாண்டுக்கு ஒருமுறை திருப்பி எடுத்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சர்வீஸ் ஒப்பந்தம். பழுதுக்கு ஒரு முறை வந்து போனால் இவ்வளவு என்று பணம் கொடுத்தால், பழுது குறைந்தால் சர்வீஸ் செய்பவரின் வருமானமும் குறையும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முன்கூட்டியே வந்து பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, அதில் அப்டேட், பேக்கப் சோதனை, டிஸ்க் பார்வை, மாத அறிக்கை எல்லாம் என்னென்ன என்று எழுத்தில் இருந்தால் இருவருக்கும் ஒரே நோக்கம் வரும். மாதிரிப் படிவம் தயார், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

"எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாதாமாதம் காசு?" என்று கேட்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடக்காமல் போன பழுது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் பழுதுப் பதிவேடு. என்ன நின்றது, எவ்வளவு நேரம், எப்படிச் சரியானது என்று ஒரு வரி போதும். சில மாதம் எழுதினால் ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது தெரியும். சர்வர் அவ்வப்போது மெதுவாகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்று இருந்த ஒரு இடத்தில், லாக் ஃபைல்கள் (சர்வர் தன் செயல்களைத் தானே எழுதி வைப்பவை) டிஸ்க்கை நிரப்புவதுதான் காரணம் என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். பழையவற்றைத் தானாக நீக்கும்படி அமைத்த பிறகு அந்த வரி பதிவேட்டில் வரவே இல்லை.

இணையதளச் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டுவது) பற்றி ஒரு எச்சரிக்கை. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு அதிகபட்ச ஆயுள் 200 நாள். 2027 மார்ச்சில் அது 100 நாளாகவும் 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைகிறது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி தாங்காது. தானாகப் புதுப்பிக்கும்படி இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வரும் ஆண்டில் முழு முடக்கப் பயிற்சி ஒன்று நடத்தலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. சர்வர் இல்லை, மின்னஞ்சல் இல்லை என்று வைத்துக்கொண்டு யார் யாரைக் கூப்பிடுவது, எதை முதலில் எழுப்புவது என்று நடத்திப் பார்ப்போம். பட்டியலும் தொடர்பு எண்களும் காகிதத்திலும் இருக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்குத் திறக்க முடியாத சர்வரில் அவை இருந்து பயனில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு பிரதியைக் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் எழுத வேண்டாம், அவை பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்