பின் ஸ்பீக்கர்கள் ஏன் வாய் திறக்கவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் மகன் வேலையில் சேர்ந்துவிட்ட செய்தியை இரண்டு முறை படித்தேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்த ஸ்பீக்கர் புலம்பலை நான்கு முறை படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, புலம்பும்போதுதான் நீ என் பழைய அறைத்தோழனாக இருக்கிறாய். விடுதியில் ஒற்றை ஸ்பீக்கரை அட்டைப் பெட்டிக்குள் பொருத்திவிட்டு, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரவெல்லாம் வாதாடியவர்கள் அல்லவா நாம்!

கணினியிலிருந்து ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களுக்கெல்லாம் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு, ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் போட்டிருக்கிறாய். டிவிடி படம் ஓடினால் எல்லா ஸ்பீக்கர்களும் பேசுகின்றன, விளையாட்டைத் திறந்தால் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும்தான் பேசுகின்றன, கேபிள் பழுதா என்று கேட்டிருக்கிறாய். பழுதில்லை. இதே சந்தேகத்தில் இரண்டாவது கேபிள் வாங்கியவன் நான். அதன் முனையில் தங்கமுலாம் வேறு. ஒளி போகிற வழிக்குத் தங்கம் எதற்கு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சங்கதி இதுதான். அந்தச் சிவப்பு ஒளி வழியைத் தோஷிபா 1983-இல் கொண்டுவந்தது. குறுந்தகட்டுக் கருவிகளை மனத்தில் வைத்துப் பிறந்தது அது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறையில்தான் அதில் ஒலி பயணம் செய்கிறது. குறுந்தகட்டில் இருப்பது இடம், வலம் என்று இரண்டே சேனல். ஆகவே சுருக்காத ஒலிக்கு அந்த வழியில் இரண்டே இருக்கை. 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்று கணக்குப் போட்டால் இரண்டு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட், ஆறு சேனலுக்கு (ஐந்து ஸ்பீக்கர், கூடவே தாழ்சுருதிப் பெட்டி ஒன்று) சுமார் 46 லட்சம். ஒளியிழைக்குத் தெம்பில்லை என்று நினைத்துவிடாதே. இரண்டு பேருக்குத்தான் இடம் என்று விதியில் எழுதிவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் படத்துக்கு மட்டும் ஆறு சேனல் எப்படி வந்தது? அவற்றை முன்கூட்டியே யாரோ மூட்டை கட்டிவிட்டார்கள். டிவிடியில் டால்பி டிஜிட்டல் என்ற முறையில் சுருக்கிவைத்த ஒலி, ஆறு சேனலையும் சேர்த்தே நொடிக்கு அதிகபட்சம் 448 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் அந்த மூட்டையைத் தாராளமாக வைக்கலாம். கணினி அதைப் பிரிப்பதே இல்லை, வந்தபடியே தள்ளிவிடுகிறது. பாஸ்த்ரூ என்கிறார்களே, அது இதுதான். மூட்டையைப் பிரிப்பது உன் ரிசீவர்.

விளையாட்டில் நிலைமை வேறு. நீ திரும்பும் திசையைப் பார்த்து அந்தக் கணத்தில்தான் சத்தமே பிறக்கிறது. அதை மூட்டை கட்ட ஆளில்லை. கட்டாமல் அனுப்பினால் முன்னிரண்டு மட்டும்தான் ஏறும். படக் கோப்பில் ஆறு சேனல் இருந்தும் அது ஏஏசி என்ற வேறொரு சுருக்க வடிவில் இருந்தால் இதே கதிதான். பிளேயர் அதைப் பிரித்துவிடும், பிரித்தது வழியில் நுழையாது. உன் ரிசீவருக்கு டால்பியும் அதன் போட்டி முறையான டிடிஎஸ்ஸும்தான் புரியும்.

ஆகவே உனக்கு வேண்டியது ஓடும்போதே மூட்டை கட்டும் ஆள். டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்று இரண்டு பெயர்களில் அது கிடைக்கிறது. 2001-இலேயே என்விடியாவின் என்ஃபோர்ஸ் மதர்போர்டுகளில் இது வந்துவிட்டது. ஆனால் உரிமம் சங்கதி உண்டு. ஒரே ஒலிச் சில்லு இருந்தாலும் ஒரு போர்டில் இந்த வசதி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விண்டோஸில் ஒலி அமைப்புகளுக்குப் போய், டிஜிட்டல் வெளியீட்டின் பண்புகளைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும் வடிவப் பட்டியலைப் பார். மாதிரி வீதங்களோடு டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் இன்டராக்டிவ் (டிடிஎஸ் கனெக்டில் மூட்டை கட்டும் பகுதி) என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடு, தீர்ந்தது வேலை. இல்லையென்றால் அந்த வசதி உள்ள ஒலி அட்டை ஒன்று வாங்க வேண்டும். நீ இன்னும் லினக்ஸைக் கட்டிக்கொண்டு அழுபவனாக இருந்தால், அதன் ஒலி அமைப்பான அல்சாவின் ஏ52 செருகுநிரல் இதே வேலையைக் காசில்லாமல் செய்யும். அதை அமைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகச் செலவானது.

இதில் ஒரு குறை உண்டு. டால்பி ஒலியில் ஒரு மூட்டைக்கு 1536 மாதிரிகள், அதாவது 32 மில்லிநொடி ஒலி சேர வேண்டும். சேர்த்து, கட்டி, அனுப்பி, அங்கே பிரிப்பதற்குள் சத்தம் படத்துக்குக் கொஞ்சம் பின்தங்கிவிடும். படம் பார்க்கும்போது பிளேயரே சரிசெய்துகொள்ளும். துப்பாக்கி விளையாட்டில் மட்டும் உறுத்தும். எனக்கு உறுத்தியது, என் மகளுக்கு உறுத்தவில்லை.

இன்னொன்று, பாஸ்த்ரூ ஓடும்போது கணினியின் ஒலியளவைக் குறைத்துப் பார்க்காதே, ஒன்றும் நடக்காது. மூட்டைக்குள் கைவிட்டு யாரும் சத்தத்தைக் குறைக்க முடியாது. ரிசீவரின் திருகுதான் கதி. மூட்டையைச் சாதாரண ஒலி என்று ரிசீவர் தவறாக எடுத்துக்கொண்டால் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான் வரும், அதுவும் முழுச் சத்தத்தில். ஒரு நள்ளிரவில் எனக்கு அப்படி நடந்தது. என் மனைவி எழுந்து வந்து நின்ற விதத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. முதல் சோதனையைத் திருகைக் குறைத்துவைத்துக்கொண்டு செய்.

என் விருப்பத்தைக் கேட்டால், உன் ரிசீவரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அதில் சுருக்காத எட்டு சேனல்கள் போகும். மூட்டையும் வேண்டாம், தாமதமும் வேண்டாம், விளையாட்டும் படமும் ஒரே வழியில் வரும். ஆனால் அந்தத் துளை இருக்கிறது என்பதால் மட்டும் நம்பிவிடாதே. பழைய ரிசீவர்கள் சிலவற்றில் அது படத்தைத் தொலைக்காட்சிக்குக் கடத்துவதோடு சரி, ஒலியைத் தொடாது. கையேட்டில் பார்த்துவிட்டு ஆசைப்படு.

பாட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. இரண்டு சேனலில் பதிவான பாட்டை ஐந்து ஸ்பீக்கரில் பரப்பினால் பாடகர் நம் முதுகுக்குப் பின்னால் இருமுவது போல இருக்கிறது. அதை அணைத்துவிடு. நீ அனுப்பிய படத்தில் பின் ஸ்பீக்கர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தன. அவற்றை முன்னால் கொண்டுவா. நேர் முன்னே பார்த்து உட்கார்ந்தால், நடுவிலிருந்து 100 முதல் 120 பாகையில், காதுக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும்.

என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான். வலது காதில் உயர் சுருதிகள் மங்கிவிட்டன என்று மருத்துவர் வரைபடம் போட்டுக் காட்டினார். நான் அன்று மாலையே வலதுபுற ஸ்பீக்கர்களை மூன்று டெசிபல் ஏற்றிவைத்துவிட்டேன். எனக்கு இப்போது எல்லாம் சரியாகக் கேட்கிறது. மற்றவர்களுக்குத்தான் வீடு வலதுபக்கம் சாய்ந்துவிட்டது போல இருக்கிறதாம்.

பட்டியலில் அந்த வரி இருந்ததா இல்லையா என்று எழுது. இல்லையென்றால் ரிசீவரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, துளைகளின் பெயர் தெரியும்படி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்