லிஃப்ட் காலுக்குத்தான் ஓய்வு தரும்

அன்பு மகளுக்கு,

மலையிலிருந்து சைக்கிளில் இறங்கி வந்ததை எடுத்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். முதல் தடவை வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் நோயாளியின் நடையைக் கவனிக்கிற கண்ணோடு பார்த்தேன். கேமராவை நெஞ்சில் மாட்டியிருந்ததால் உன் கைகள் நன்றாகத் தெரிகின்றன. உச்சியில் புறப்படும்போது பிரேக் லீவரில் ஒரே ஒரு விரல், மற்றவை ஹேண்டில்பாரில். பாதி மலையில் இரண்டு விரல். கடைசி வளைவுக்கு முன்னால் மூன்று விரலும் லீவரில் இருக்கின்றன, அப்படியும் வண்டி வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போகிறது. "லாஸ்ட் ரன் செம!" என்று கீழே எழுதியிருக்கிறாய். என் கண்ணுக்குப் பட்டது பிடி தளர்ந்துபோன இரண்டு முன்கைகள்.

லிஃப்டில் சைக்கிளோடு ஏறி மலைப்பாதையில் இறங்குகிற அந்த பைக் பார்க்குக்கே போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்களைத் திரும்ப நடக்கவும் தூக்கவும் வைப்பதுதான் என் வேலை. குளியலறையில் வழுக்கி விழுந்து வருகிறவர்களே ஏராளம். விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்கள் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்வார்கள், அதனால் அவர்களை எனக்குப் பிடிக்கும். உன்னை அந்த வரிசையில் பார்க்க மட்டும் பிடிக்காது.

நீயே மிதித்து ஏறுகிற மலையில் மூச்சு உன்னை நிறுத்திவிடும். இரண்டு மூன்று இறக்கம் போனால் போதும், உடம்பே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடும். பைக் பார்க்கில் அந்தக் காவல் இல்லை. லிஃப்ட் ஏற்றிவிடுகிறது, மூச்சு வாங்கவில்லை, கால் புதிதாக இருக்கிறது, இன்னொரு தடவை போகலாம் என்று தோன்றுகிறது. ஆனால் இறக்கம் முழுக்க உழைத்தது முன்கை. இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும் தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. தசை வீங்கி, மேலே போர்த்திய உறைக்குள் திணறும். நீங்கள் ஆர்ம் பம்ப் என்பது இதைத்தான். விரல் மூடுவதும் திறப்பதும் மெதுவாகிவிடும். கூர்மையான வளைவுக்கு முன் அந்தத் தாமதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் ஒன்று செய். ஒவ்வொரு முறையும் லிஃப்டை விட்டு இறங்கியதும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திற. விரல் நடுங்கினாலோ மூடி வழுக்கினாலோ உட்கார்ந்துவிடு. அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், அதே லிஃப்டில் கீழே போக முடியுமா என்று கேள். இல்லாவிட்டால் இருப்பதிலேயே எளிதான பாதையில் மெல்ல வா. லிஃப்ட் மூடுவதற்குள் இன்னொன்று அடித்துவிடலாம் என்று கூட வருகிறவர்கள் இழுப்பார்கள். அவர்கள் கையும் அந்நேரம் உன் கை மாதிரிதான் இருக்கும்.

கை சீக்கிரம் களைப்பதற்குப் பாதிக் காரணம், மேலிருந்து கீழ்வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவது. பிரேக்கும் சூடாகும், கையும் ஓயும். நேரான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடு. பெர்ம் என்கிற, வெளி ஓரம் உயர்த்திய வளைவுக்குள் இருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால் சாய்ந்த வண்டி நிமிர்ந்துகொண்டு வெளியே ஓடும். உன் கடைசி வளைவில் நடந்தது அதுதான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதையும் நினைவில் வை. லீவர் உன் விரலுக்குத் தூரமாக இருப்பதாகத் தோன்றுகிறது. அதை உள்ளே நகர்த்தச் சின்னத் திருகு ஒன்று உண்டு, மெக்கானிக்கிடம் கேள். அப்படியே பிரேக் பேட், சக்கர அச்சு, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். ஹேண்டில்பார் நுனியில் மூடி இல்லாமல் ஓட்டாதே, விழும்போது திறந்த குழாய் வயிற்றில் குத்தும்.

முதல் இறக்கம் பார்ப்பதற்கு மட்டும். நேற்று தாண்டிய ஜம்ப் இன்று அதே ஜம்ப் இல்லை: மழை மண்ணை அரித்திருக்கும், பராமரிப்பு ஆட்கள் வண்டி எழும்புகிற விளிம்பைச் செதுக்கியிருப்பார்கள், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும். டேபிள்டாப் என்கிற, மேல் தட்டையான ஜம்பில் வேகம் குறைந்து போனாலும் நடுவில் மண் தாங்கிக்கொள்ளும். கேப் ஜம்பில் நடுவில் ஒன்றும் கிடையாது. எளிதிலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், கறுப்பு என்று பலகையில் இருக்கும் நிறம் அந்தப் பார்க்குக்குள் ஒப்பிடத்தான். ஒரு பார்க்கின் நீலம் இன்னொரு பார்க்கில் கறுப்பாக இருக்கலாம், சில நாடுகளில் இடையில் சிவப்பும் வரும். சில கடினமான பாதைகளின் வாசலிலேயே ஒரு சிக்கலான பாறையையோ சரிவையோ வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதைத் தாண்ட முடியாதவர்கள் அங்கேயே திரும்பட்டும் என்பதற்காகத்தான். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும். "என் வேகத்திலேயே பின்னால் வா" என்று யாராவது ஜம்புக்கு இழுத்துப் போனால் போகாதே. அவர் எடை வேறு, வண்டி வேறு, குதிக்கும் விதம் வேறு.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். முன்னால் விழும்போது கை தானாக நீளும். அதில் போவது பெரும்பாலும் மணிக்கட்டு அல்லது காறை எலும்பு. காறை எலும்பு முறிந்தால் உனக்கே தெரிந்துவிடும். மணிக்கட்டுதான் ஏமாற்றும். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்று பார். அங்கே ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், ரத்த ஓட்டமும் அதற்குக் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஒட்டாது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரியாதே, மருத்துவரிடம் மறுபடியும் காட்டு.

தலையில் அடி என்றால் பேச்சே இல்லை. நினைவு தப்பவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைப்பது தப்பு. மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது போன்றவை சில மணி நேரம் கழித்தும் தொடங்கும். சந்தேகம் வந்தாலே அன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது. விளையாட்டில் வரும் மூளை அதிர்ச்சியைப் பற்றிப் பேச 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களும் இதைத்தான் சொன்னார்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் அடங்கி இரு, சின்ன நடை நடக்கலாம், செல்போன் திரையைக் குறை. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை உன் கூட வருகிறவர்களுக்கும் சொல்லிவை, அந்த நேரத்தில் உனக்கு நினைவிருக்காது.

வேறு யாராவது விழுந்து கிடந்தால் முதலில் அவருக்கு மேலே, வருகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கிற இடத்தில், ஒரு வண்டியைப் பாதையின் குறுக்கே நிறுத்தி ஆளை நிற்கவை. கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது இருந்தால் அவரை அசைக்காதே, ஹெல்மெட்டைக் கழற்றாதே. பார்க்கின் ரோந்து ஆட்களை அழைத்துப் பாதையின் பெயரையும் பக்கத்தில் தெரியும் பலகை எண்ணையும் சொல். நீயே விழுந்து எழுந்தால், வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன் பாதையை விட்டு விலகு.

முழங்கால் பேட், கையுறை, கண்ணாடி இதெல்லாம் நீ போட்டிருக்கிறாய், சந்தோஷம். லிஃப்ட் வரிசையில் நின்று எடுத்த போட்டோவில்தான் என் கண் நின்றது. உன் ஹெல்மெட்டின் ஓரம் நசுங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் நுரை ஒரே அடியைத்தான் வாங்கும். நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது, வெளி ஓடு பளபளவென்று இருந்தாலும். அதைப் போட்டுக்கொண்டு இனி மேலே போகாதே. புதிதாக, முகவாயையும் மூடுகிற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் நான் வாங்கித் தருகிறேன். சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கு இ.என். 1078 என்று முத்திரை இருக்கும். டவுன்ஹில் என்கிற இந்த மலையிறக்கத்துக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952 முத்திரை இருப்பதைப் பார்த்துத்தான் வாங்குவேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றி, தலையின் சுற்றளவை சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. கொண்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அளக்காதே, ஓட்டப் போகும்போது பின்னுகிறபடி தாழ்வாகப் பின்னிக்கொண்டு அள. நிறத்தையும் நீயே சொல்லிவிடு. நான் எடுத்தால் உனக்குப் பிடிக்காது.

அன்புடன்,
அம்மா