செங்கோட்டை நுழைவு வளைவில் வரலாற்றுப் பலகை வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
செங்கோட்டை ஊர்ப் பொதுமக்கள்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: திருவிதாங்கூர் கால நுழைவு வளைவில் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கப் பலகை அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரள வண்டிகள் வரிசையாக இறங்கும். புளியரையில் தட்சிணாமூர்த்தியைக் கும்பிட்டு, பண்பொழித் திருமலை முருகனையும் பார்த்துவிட்டு, அருவியில் குளித்துத் திரும்புவார்கள். நடுவில் இருக்கும் எங்கள் ஊர் அவர்களுக்கு டீ குடிக்கும் இடம்.

ஊர் முகப்பில் நிற்கும் வளைவை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. இருபுறமும் துவாரபாலகர்கள், நடுவே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. தமிழ்நாட்டு ஊருக்குள் மலையாள மன்னரின் முத்திரை ஏன் என்று எங்கள் பிள்ளைகளே கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அன்றுதான் தாலுகாவே இரண்டாகி, கிழக்குப் பகுதி மட்டும் இந்தப் பக்கம் வந்தது. ஆரியங்காவு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. கொண்டு கொடுத்த குடும்பங்களுக்கு எல்லைக்கோடு இன்றும் பெரிய விஷயமில்லை.

வாஞ்சிநாதனின் கதையும் இதில் சேர்ந்ததே. 1886இல் இங்கே பிறந்தவர், புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டபோது அவர் பிரிட்டிஷ் மாகாணத்துக் குடிமகன் அல்லர், சமஸ்தானத்துக் குடிமகன். மணிமண்டபத்துக்கு வருபவர்கள் வளைவின் கதையையும் அறிந்தால்தான் இது புரியும். (ஆட்சியரைச் சுட்டவரைப் பற்றி ஆட்சியரிடமே மனு கொடுக்கிறோம், பொறுத்தருள வேண்டும்.)

ஆகவே, வளைவின் அருகே, வண்டிகள் ஒதுங்கி நிற்கக்கூடிய இடத்தில், இரு மொழியிலும் ஒரு கல் பலகை வைத்துத் தருமாறு வேண்டுகிறோம். வாசகத்தைத் தொல்லியல் துறையினர் சரிபார்த்துத் தந்தால் நல்லது. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறோம். தூண்களில் சுவரொட்டி ஒட்டவும் கொடிக்கயிறு கட்டவும் தடை விதிக்க வேண்டும். 1904இல் ரயில் வந்த கொல்லம் பாதையில் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக, ரயில் நிலையத்தில் வளைவுக்கு வழிகாட்டும் பலகை வைக்க ரயில்வேக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அடுத்த சாரலுக்கு முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செங்கோட்டை ஊர்ப் பொதுமக்கள்