குடியிருப்போர் நலச் சங்கம், நாகர்கோவில்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்புடையீர்,

செயற்குழு நான்கு முறை கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஓணத்துக்கு அத்தப்பூ போட்டோம்.

இனி பூங்கா. “செயலாளருக்கு வேற சோலியே இல்லையா?” என்று போன பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை, எனக்கு மறக்கவுமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரிய மனைப்பிரிவு போட்டால் 10 சதவீத நிலத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. நமக்கு அப்படி வந்த இடம் அது. 2017 ஒக்கிப் புயலில் அங்கே நின்ற அயனி மரம் சாய்ந்ததிலிருந்து குப்பைமேடாகக் கிடந்தது. மிஞ்சியது ஒரு பூவரசு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. புல்லும் வருடத்துக்கு இரண்டு தடவை இடுப்பு உயரம் வளரும். பாம்புக்குப் பயந்து பிள்ளைகளை யாரும் விடுவதில்லை.

இந்த ஆண்டு புல்லை வெட்டி, விளக்குப் போட்டு, பூவரசடியில் இரண்டு சிமெண்ட் பெஞ்சு போட்டோம். ரோட்டைப் பார்த்து வரிசையாகப் போடச் சொன்னது செயற்குழு. எதிரெதிராகப் போட வைத்தது நான். பொருளாளருக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

மதில் தகராறில் வருடக்கணக்காகப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு சாயங்காலம் அந்த பெஞ்சுகளில் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார், மற்றவர் செருப்பைப் பார்த்தார். முதலாமவரின் பேரன் சிணுங்க, இரண்டாமவர் ஒரு பூவரச இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கி, பீப்பி ஊதிக் காட்டினார். “தாத்தாகிட்ட குடு, ஊதுவாரா பாப்போம்” என்றார். தாத்தாவுக்கு ஊத வரவில்லை. மதில் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. ஆனால் இப்போது சாயா ஒரு வீட்டிலிருந்தும் ரசவடை மற்ற வீட்டிலிருந்தும் வருகிறது. தனியாக இருக்கும் ஒரு பாட்டியை இரண்டு நாளாகக் காணோமே என்று தேடிப்போய், காய்ச்சலில் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்த பெஞ்சுக் கூட்டம்தான்.

சிரமதானத்துக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் நாற்பது பேர். மண்வெட்டியோடு வந்தது ஆறு பேர். அதில் இருவர் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சந்தா மாதம் ஐம்பது ரூபாய். மூன்றில் ஒரு பங்கு வீடுகள் பாக்கி. பெயர் எழுதவில்லை, சாயங்காலம் பெஞ்சில் முதலில் இடம் பிடிப்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரி. விளக்குக்கு என் கைக்காசு கொஞ்சம் போயிருக்கிறது, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. தலைவர், செயற்குழுவினர், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஒரு ஊஞ்சல் போட ஆசை. என் முழங்காலோ ஒத்துழைப்பதாக இல்லை. வேறு யாராவது பொறுப்பேற்றால் கேட் சாவியைச் சந்தோஷமாகக் கொடுப்பேன். ஜூனில் மழை தொடங்கிவிடும். புல் வெட்டும் ஆளுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம்; ஆறு மணிக்கு மேல் நான் பெஞ்சில்தான் இருப்பேன், ரசீது புத்தகத்தோடு.

இப்படிக்கு,
செயலாளர்