வேலிக்கு அந்தப் பக்கம்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை ராத்திரி.

மக்கா செல்வின்,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு மூன்று சாக்கு கைவசம் இருக்கிறது. மூன்றையும் நீ நம்ப மாட்டாய், அதனால் விட்டுவிடுவோம். இங்கே எல்லாரும் சுகம். சபை விருந்தான அசனத்தில் கத்தரிக்காய் விஷயமாகப் பெரியத்தான் இந்த வருஷமும் சண்டை போட்டு இந்த வருஷமும் தோற்றார். சைக்கிள் இன்னும் விற்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லைத் தகராறில் உன்னோடு கேஸ் நடத்துகிற பக்கத்து வேலிக்காரர் படுத்த படுக்கையாக இருக்கிறார், போய்ப் பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லி ஜெபம் பண்ணிவிட்டு வா என்று நம் சபை ஐயர் உன்னைக் கேட்டுக்கொண்டதும் உனக்கு வந்த கோபம் நாலு பக்கம் ஓடியிருக்கிறது. அதில் மூன்றரைப் பக்கம் சர்வே நம்பர். எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்ற உபாகம வசனத்தை மட்டும் மூன்று தடவை எழுதியிருக்கிறாய். உண்மையான கேள்வி கடைசி அரைப் பக்கத்தில்தான் வருகிறது. பிடிக்காத ஆளிடம் போய்க் கிருபையைப் பற்றிப் பேசினால் அது நடிப்பு இல்லையா என்று.

இல்லை லே. ஏன் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு அமெரிக்கப் பாதிரியார் தேவைப்படுகிறார். கொஞ்சம் நீளும். காப்பி போட்டுக்கொண்டு உட்கார்.

பெயர் ஹென்றி கெரக்கி. 1893-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்த பண்ணை வீட்டுப் பிள்ளை, லுத்தரன் போதகர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜெயில், ஆஸ்பத்திரி என்று ஊழியம் செய்தவர். ஐம்பது வயதில் ராணுவத்தில் சாப்ளினாக, அதாவது பட்டாளத்துப் போதகராக, சேர்ந்தார். மூன்று மகன்களும் பட்டாளத்தில் இருந்தார்கள், இரண்டு பேருக்குச் சண்டையில் காயம். டாகாவ் நாஜி வதைமுகாமை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். யுத்தம் முடிந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். அப்போது, 1945 நவம்பரில், நியூரெம்பர்க் ஜெயிலில் ஹிட்லரின் மந்திரிகளுக்கும் தளபதிகளுக்கும் போதகராகப் போக முடியுமா என்று கேட்டார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை. அவருக்கு ஜெர்மன் தெரியும், ஜெயில் ஊழியம் தெரியும், அவ்வளவுதான். பயந்தார், தயங்கினார், பிறகு போனார். அவர்கள் மேல் அன்பு ஊறிய பிறகு போகலாம் என்று காத்திருந்தால் விசாரணையே முடிந்திருக்கும்.

மொத்தம் 21 பேர். 15 பேர் புராட்டஸ்டண்ட், கெரக்கி பொறுப்பு. மீதி 6 பேர் கத்தோலிக்கர், அவர்களுக்கு சிக்ஸ்டஸ் ஓகானர் என்ற பிரான்சிஸ்கன் சாமியார். எங்கள் கணக்கில் ஆறு குற்றவாளிதான், லுத்தரன் கணக்கில் பதினைந்து என்று ஓகானர் கேலி செய்வாராம். நம் வாத்தியார் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இதை மூன்று பிரசங்கத்துக்கு ஓட்டியிருப்பார்.

நீ கவனிக்க வேண்டியது அவர் வேலை செய்த விதத்தை. ஒவ்வொரு செல்லாகப் போனார். உள்ளே நுழைந்ததும் கை கொடுத்தார். அந்தக் கைகளுக்கா என்று பின்னால் அவரைத் திட்டியவர்கள் உண்டு. குற்றத்தை லேசாக நினைத்துக் கொடுத்த கை இல்லை அது. கை கொடுக்காமல் நின்றால் பேச்சே தொடங்காது, அதற்குத்தான். குற்றத்தை விசாரிப்பது பக்கத்துக் கட்டடத்தில் நீதிபதிகளின் வேலை. இவர் கேட்டது ஒன்றுதான்: ஆராதனைக்கு வருகிறீர்களா? கட்சியில் ஹிட்லருக்குத் துணையாக இருந்த ஹெஸ் முடியாது என்றார். கெரக்கி வாதாடவில்லை. அடுத்த செல்லுக்குப் போனார், இன்னொரு நாள் திரும்பி வந்து மறுபடியும் கேட்டார்.

இரண்டு செல்லுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்துச் சின்னதாக ஒரு ஜெப அறை. அங்கே ஆர்கன் வாசித்தவர் யார் தெரியுமா? ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் அதிகாரியாக இருந்த ஒருவர்.

முதலில் உடைந்தவர் சவுக்கெல். லட்சக்கணக்கான ஜனங்களை அவரவர் ஊரிலிருந்து பிடித்து வந்து அடிமை வேலையில் போட்ட ஆள். பத்துப் பிள்ளைகளின் தகப்பன். லூக்காவில் வருகிற ஆயக்காரனின், வரி வசூலிக்கிறவனின், ஜெபம் இருக்கிறதே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று, அதைச் சொல்லித்தான் அவர் ஜெபத்தை முடிப்பாராம். ஆனாலும் கெரக்கி உடனே அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து நீட்டிவிடவில்லை. நம்ம ஊரில் திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஞானோபதேசம், வேதவாசிப்பு, பாவ அறிக்கை, அதற்குப் பிறகுதான் திருவிருந்து. சவுக்கெல், கைட்டெல், ரிப்பன்ட்ராப், ஸ்பேர், ஷிராக், ஃபிரிட்ஷே எல்லாரும் இந்த வழியாகத்தான் வந்தார்கள்.

ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் கதை வேறு. ஆராதனைக்குத் தவறாமல் வருவார், பாட்டை எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவார். கிறிஸ்து தேவகுமாரன் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். 1946 அக்டோபர் 15 ராத்திரி, தூக்குக்குச் சில மணி நேரம் முன்னால், திருவிருந்து கேட்டார். கெரக்கி கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோரிங் சயனைடு கடித்துச் செத்துப்போனார். கொடுத்திருக்கலாமே என்று குருமார்களே கேட்டார்கள். நான் தவறியிருந்தால் தேவன் மன்னிக்கட்டும் என்கிற தோரணையில்தான் கெரக்கியும் பின்னால் எழுதினார். என்னைக் கேட்டால் அவர் தவறவில்லை. வேண்டாம் என்று தள்ளியதையே சும்மா கையில் திணிப்பது தாராளம் ஆகாது. நீயும் நானும் சறுக்குகிற இடம் இது. பிடிக்காதவனுக்குச் சட்டத்தை நீட்டுவோம், பிடித்தவனுக்கு எல்லாவற்றையும் பரவாயில்லை என்போம். கெரக்கி இரண்டு பேரிடமும் ஒரே அளவுகோலோடு போனார்.

இன்னொன்று. சவுக்கெல், கைட்டெல், ரிப்பன்ட்ராப் மூன்று பேரையும் அக்டோபர் 16 அதிகாலையில் தூக்கில் போட்டார்கள். கிருபை தூக்குமரத்தை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிவைக்கவில்லை. கெரக்கியும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, கூட நடந்தார், அவ்வளவுதான். ரோசன்பெர்க் என்ற இன்னொரு கைதி கடைசி நேரத்திலும் ஜெபம் வேண்டாம் என்றார். சரி என்று விட்டுவிட்டார். நம்ம தேசத்திலேயே பார். 1999 ஜனவரியில் ஒடிசா மனோகர்பூரில் புருஷனையும் இரண்டு பையன்களையும் வண்டியோடு எரித்தவர்களை மன்னிக்கிறேன் என்று கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா சொன்னார். சொல்லிவிட்டு பாரிபதாவில் குஷ்டரோகிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். கேஸ் அது பாட்டுக்கு கோர்ட்டில் நடந்தது. அதனால் நீ வேலிக்காரரைப் பார்க்கப் போவதற்காகக் கேஸை வாபஸ் வாங்கத் தேவையில்லை. வக்கீல் வேலையை வக்கீல் பார்க்கட்டும். கட்டில் பக்கத்தில் மட்டும் அந்தப் பேச்சு வரக்கூடாது.

நடிப்பு என்றாயே, அதற்கு வருகிறேன். அசனத்தில் நீ வாளி பிடித்த வருஷம் வேலிக்காரர் இலைக்கும் சாம்பார் ஊற்றினாய். முறைத்துக்கொண்டுதான் ஊற்றினாய், நான் பார்த்தேன். ஆனால் ஊற்றினாய். அது நடிப்பா? அரிசியும் பருப்பும் நீ கொண்டுவந்ததில்லை, யார் இலையைத் தாண்டிப் போகலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் வாளி பிடித்தவனுக்குக் கிடையாது.

உன் வலி சின்னது என்று நான் சொல்ல வரவில்லை. மத்தேயு 18-இல் ராஜா பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்துவிட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறானே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நூறு வெள்ளிப்பணம் என்றால் நூறு நாள் கூலி. இன்றைக்குக் கூலி அறுநூறு ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய், யாருக்கும் அது சில்லறை இல்லை. பக்கத்து ஆள் உனக்குப் பட்ட கடன் நிஜமான கடன் என்று ஆண்டவரே ஒத்துக்கொள்கிறார். மறுபக்கம் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம், ஆக ஆறு கோடி நாள் கூலி. அதே ரேட்டில் 3,600 கோடி ரூபாய். அந்த ஊழியக்காரன் தவறியது கூட்டல் கழித்தலில் இல்லை. ராஜாவின் அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் தன் கணக்கை மறந்துவிட்டான், அதுதான் கோளாறு.

இனி, போகிற முறை. இதை நீ நாலு பக்கத்தில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை, ஆனால் சொதப்பல் எல்லாம் இங்கேதான் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போகாதே. ஆராதனை முடிந்த கையோடு போனால் தெருவே பார்க்கும், அவருக்குப் பஞ்சாயத்து வந்த மாதிரி இருக்கும். வாரநாளில் சாயங்காலம் நாலரை நல்ல நேரம். முந்தின நாள் அவர் மகனுக்குப் போன் போட்டு வரலாமா என்று கேள். வேண்டாம் என்றால் சரி என்று வைத்துவிடு, ஒரு மாசம் கழித்து மறுபடி கேள். தனியாகப் போ, இல்லாவிட்டால் ஐயரம்மா கூட வரட்டும். வாலிபர் சங்கத்தை கிட்டாரோடு கூட்டிப் போனாயோ, தொலைந்தாய்.

உள்ளே போனதும் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார். நின்றுகொண்டு பேசினால் படுத்திருக்கிறவர் கண்ணுக்கு உன் தாடைதான் தெரியும். முதல் தடவை பத்து நிமிஷம் போதும். உடம்பு எப்படி, ராத்திரி தூக்கம் வருகிறதா, யார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்கள், இவ்வளவுதான். துண்டுப்பிரதி எதையும் கட்டிலில் வைத்துவிட்டு வராதே.

மன்னிப்பு விஷயத்தில் ஜாக்கிரதை. அன்றைக்கு எல்லைக்கல்லைப் பிடுங்கி ஓடையில் எறிந்தது நீதான் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொல்: "நான் கல்லைப் பிடுங்கினது தப்புதான்." அதோடு நிறுத்து. "ஆனா" என்று ஆரம்பித்தாயோ, அது மன்னிப்பு இல்லை, வாய்தா. "நான் உங்கள மன்னிச்சுட்டேன்" என்று நீயாக எடுத்துவிடாதே. அவர் கேட்காத மன்னிப்பு அவர் காதில் தீர்ப்பாகத்தான் விழும். அதை உன் மனதுக்குள் ஆண்டவரிடம் முடித்துக்கொண்டு போ. அவர் கேட்கிற நாளில் வெளியே சொல்.

வாசிப்புக்கு 51-ஆம் சங்கீதத்தை எடுக்காதே. தாவீதின் பாவ அறிக்கை, அழகான சங்கீதம்தான், ஆனால் நீ அவர் வீட்டில் அதை வாசித்தால் குற்றப்பத்திரிகை. உபாகமத்தின் பக்கமே போகாதே. 103-இல் 8 முதல் 14 வரை, ஏழு வசனம். கர்த்தர் உருக்கமும் இரக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர், நாம் மண்ணென்று நினைக்கிறவர். வேடிக்கை என்னவென்றால் ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான் யோனா நாலாம் அதிகாரத்தில் சொல்கிறார், புகாராக! நீர் இப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறார். பிரசங்கம் பண்ணும்படி அவரை அனுப்பிய நினிவே அசீரியாக்காரன் ஊர், பின்னாளில் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்து அந்தக் கொடுமையை அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்துக்கொண்ட கூட்டம். யோனாவின் வெறுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரசங்கம் பலித்து ஊர் தப்பிவிட்டதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. உன் மூன்றரைப் பக்கத்தை வாசிக்கும்போது யோனா கோபித்துக்கொண்டு நிழலுக்கு உட்கார்ந்த ஆமணக்குச் செடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

ஜெபம் பண்ணலாமா என்று கேட்டுவிட்டுப் பண்ணு. ஒரு நிமிஷம். நேரில் சொல்லத் துணியாததை ஜெபத்துக்குள் வைத்துக் குத்துகிற பழக்கம் நம் சபையில் கரைகண்டது. "ஆண்டவரே, இவருடைய கடின இருதயத்தை" என்று ஆரம்பிப்பார்கள். "இவர்" என்ற வார்த்தை நோய்க்கு மட்டும் வரட்டும். பாவம் என்று வந்தால் "எங்க ரெண்டு பேருக்கும்". அதற்கு உன் வாய் வரவில்லை என்றால் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வா. எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று அதிலேயே இருக்கிறது.

கிருபையைப் பற்றி வாய் திறப்பது இரண்டாவது மூன்றாவது தடவையில், அவராக ஏதாவது கேட்கும்போது. அப்போது இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. மனந்திரும்பி நல்லபடியாக நடந்தால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று சொன்னால் அது கூலி. அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள் என்றால் அது கணக்கை அழிப்பது. கடன் இருக்கிறது, நம்மால் கட்ட முடியாது, வேறொருவர் கட்டிவிட்டார், அதுவும் நாம் சத்துருக்களாக இருந்தபோதே கட்டிவிட்டார். ரோமர் 5-இல் 8-ஐயும் 10-ஐயும் சேர்த்து வாசித்தால் இது முழுக்க வந்துவிடும். "நீங்க" என்று சொல்லாமல் "நாம" என்று சொல்.

வந்த பிறகு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லாதே. அவர் காதுக்குப் போய்விடும், அடுத்த தடவை கதவு திறக்காது.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். 1946 ஜூனில் கெரக்கி ஊருக்குப் போகப் போகிறார் என்று ஜெயிலில் பேச்சு. அந்த 21 பேரும், கத்தோலிக்கரும் ஹெஸ்ஸும் உட்பட, கையெழுத்துப் போட்டு அவர் மனைவி ஆல்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள், உங்கள் புருஷனை இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு விட்டுவையுங்கள் என்று. அந்த அம்மா புருஷனைப் பார்த்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. இருந்து வாருங்கள் என்று பதில் போட்டார். உன் வீட்டில் இதை வாசித்துக் காட்டு. நீ அந்த வீட்டுக்குப் போவதற்கு முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும், கல்லைப் பிடுங்கின அன்றைக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

அவருக்குச் சர்க்கரை இருக்கிறதாம், ஐயரம்மா சொன்னார்கள். பழம், ஹார்லிக்ஸ் என்று தூக்கிக்கொண்டு போகாதே. நாலு முட்டை வாங்கிக்கொள். அந்தக் கோழிக்கடைக்காரனிடம் வேண்டாம், மற்றவனிடம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணு.

உன்,
தாமஸ்