லேபிள் ஒட்டாத கேசட்

ஹட்டன்
18.05.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் ரெண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். கைப்பட எழுதிவிட்டாய், அதனால் இப்போது நீ நாலு பக்கம் வாசித்தே ஆகவேண்டும்.

இங்கே வெசாக்கோடு மலை சீசன் முடிந்தது. சிவனொளிபாதமலைக் கூட்டம் இல்லாவிட்டால் என் கடையில் சார்ஜரும் பவர் பேங்க்கும் அசையாது. உள்ளூராட்சித் தேர்தல் போஸ்டர்கள் மழையில் ஊறி, வென்றவனும் தோற்றவனும் ஒரே சுவரில் உரிந்து தொங்குகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நீ தெஹ்ரானுக்குத் தேயிலை விற்கப் போகிறாய் என்று சொன்னேன். "நாங்க கிள்ளின கொழுந்து அவ்வளவு தூரம் போகுதா?" என்றார். ஈரானிடம் எண்ணெய்க்கு வைத்த 251 மில்லியன் டொலர் கடனை மாசம் 5 மில்லியன் வீதம் தேயிலையாலேயே அடைக்க நம் அரசாங்கம் ஒப்புக்கொண்ட கதையையும் சொன்னேன். "கடனையும் நாங்கதான் அடைக்கணுமா" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். டுபாய், தெஹ்ரான், ஷங்காய் என்று ஒரே சுற்றில் போகிறாய். "நல்ல வி.பி.என் ஒன்று சொல்லு, போட்டுக்கொண்டு போனால் பயமில்லை" என்று எழுதியிருக்கிறாய். இன்டர்நெட்டில் நாம் எங்கே போகிறோம் என்பதை மறைக்கிற செயலிதானே அது. எனக்கு உறுத்தினது அந்தப் 'பயமில்லை'தான்.

1997 இல் வேலை தேடிக் கொழும்புக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். உன் பையில் ஐந்து கேசட். நாலில் லேபிள் இருந்தது, சினிமாப் பாட்டு. அவற்றைச் சோதித்தவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உன் அக்கா கல்யாணத்து நாதஸ்வரத்தை யாரோ பதிந்து கொடுத்தது அது. அந்த ஒன்றுக்காக மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றோம். ரேடியோவில் போட்டு இரண்டு பக்கமும் கேட்டார்கள். பின்பக்கத்தில் இருபது நிமிசம் வெறும் இரைச்சல். நாதஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இரைச்சலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பஸ் நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டது.

வி.பி.என் வேலை செய்கிற விதத்தை நம் சிங்கமலை ரயில் சுரங்கத்தை வைத்தே சொல்லலாம். அந்தத் தொழில்காரர்களும் அதைச் சுரங்கம் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே எந்தப் பெட்டியில் யார், மடியில் என்ன என்று மேலே மலையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் ரயில் உள்ளே நுழைந்தது தெரியும், ஊதிக்கொண்டல்லவா போகிறது! உன் போனுக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் அப்படித்தான். நீ எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பது மறையும், நீ ஒரு வி.பி.என் சேர்வரோடு பேசுகிறாய் என்பது மறையாது. அந்தப் போக்குவரத்துக்கென்று ஒரு சாயல் இருக்கிறது. தரவுப் பொட்டலங்களைத் துருவிப் பார்க்கிற கருவிகள் அதை அடையாளம் கண்டுவிடும். சீனாவில் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்கள். மாறுவேசம் போட்டுப் போகிற வகைகளும் இருக்கின்றன. ஆனால் அது எலியும் பூனையும் ஓடுகிற ஓட்டம். பத்து நாளைக்குப் போகிற நீ அதில் ஏன் ஓடவேண்டும்?

டுபாயைப் பற்றி எனக்கு உன்னைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும், மச்சான். என் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கே வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். போன மாசம் நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தது. போனை ஷொப்பிங் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, இதுல வி.பி.என் போட்டுக் குடுங்க" என்றது. ரெண்டாம் தரம் போகிறது. பிள்ளைக்கு நாலு வயசு. அங்கே வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம், கோல் மட்டும் எடுக்க முடியாது. இமோவும் அப்படித்தான். முதல் தரம் போனபோது அந்த வீட்டு ட்ரைவர் ஏதோ ஒரு வி.பி.என்னைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஒருநாள் மேடம் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பொலிஸ் கேஸ்" என்று சொல்லி ஒரு மாசம் போனைத் தரவில்லை. உண்மையில் அது பொலிஸ் கேஸா என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

அங்குள்ள 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம், குற்றம் செய்யவோ செய்ததை மறைக்கவோ வேறொரு ஐ.பி முகவரியை, அதாவது இன்டர்நெட்டில் நம்மை அடையாளம் காட்டுகிற இலக்கத்தை, போர்த்திக்கொண்டால் சிறை என்றும், 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்றும் சொல்கிறது. கம்பெனிகள் தங்கள் அலுவலகத்துக்குள் நுழைய வி.பி.என் வைத்திருக்கின்றன, அதை யாரும் கேட்பதில்லை. தடுத்த கோலை எடுக்க அதே கருவியைப் போட்டால் அது குற்றத்தில் சேருமா சேராதா என்பது உன்னைப் பிடித்தவனின் மனசைப் பொறுத்தது. வேறு ஏதாவதில் மாட்டினால் இதையும் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள், வீட்டுத் தகராறில் மேடம் ஒட்டினமாதிரி.

அந்தத் தங்கச்சிக்கு நான் வி.பி.என் போடவில்லை. கோல் எடுக்க அங்கே அனுமதியுள்ள போட்டிம் செயலியை அதன் போனிலும் மாமியார் போனிலும் போட்டேன். மாமியாருக்கு லயத்தில் சிக்னல் இல்லை, மாரியம்மன் கோயில் படிக்கு வந்தால்தான் ரெண்டு கோடு காட்டும். கடையிலிருந்து பேசிப் பார்த்தோம். பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை, மூலையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

உனக்கும் அதே ஏற்பாடுதான். அந்தச் செயலியை அண்ணியின் போனிலும் இப்போதே போட்டு வை. ரகசியம் பேச அது தோதான இடம் என்று சொல்லவரவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கப் போதும்.

தெஹ்ரானில் உனக்குக் குழப்பம் வரும், ஏனென்றால் அங்கே எல்லோருமே போட்டிருப்பார்கள். 'பில்டர் ஷெகன்' என்று அதற்குத் தெருப்பெயரே உண்டு, வடிகட்டியை உடைப்பது என்று அர்த்தம். வட்ஸ்அப்பை 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். ஆனால் அதே வருசம் பெப்ரவரியில், அனுமதியில்லாத வி.பி.என் பாவிப்பதையே தடைசெய்து உத்தரவு வந்தது. ஊரே செய்கிறது என்று நீயும் செய்யலாம், நூற்றில் தொண்ணூற்றொன்பது தரம் ஒன்றும் நடக்காது. அவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களுக்கு ஆள் அம்பு உண்டு. நீ வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு நிற்கிறவன்.

சீனாவில் கூகுள், வட்ஸ்அப், பேஸ்புக் ஒன்றும் கிடையாது. 2017 இல் ஆப்பிள்கூட அங்குள்ள தன் கடையிலிருந்து வி.பி.என் செயலிகளைத் தூக்கிவிட்டது. ஆனால் நம் சிம்மிலேயே ரோமிங் எடுத்துக்கொண்டு போ. ரோமிங் டேட்டா வழக்கமாக நம் நாட்டுக் கம்பெனி வழியாகச் சுற்றித்தான் வெளியே போகும், அதனால் வட்ஸ்அப் தானாகவே வேலை செய்யும். காசு கூடத்தான், கம்பெனி கட்டட்டும். ஹோட்டல் வைபையைத் தொடாதே.

துருக்கிக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் பயணத்தில் துருக்கி இல்லை, ஆனாலும் இது என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத கதை. 2016 சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு, பைலொக் என்ற இரகசியச் செய்திச் செயலி போனில் இருந்ததையே பயங்கரவாத அமைப்பில் சேர்ந்ததற்குச் சாட்சியாக எடுத்து ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே போட்டார்கள். செய்தியில் என்ன எழுதினாய் என்பது அப்புறம். 2017 டிசம்பரில் அரச வழக்குத் தொடுநர்களே ஒன்றை ஒத்துக்கொண்டார்கள். 11,480 போன் நம்பர்கள் வேறு ஏதோ செயலியைத் திறந்தபோது, வைத்திருந்தவர்களுக்கே தெரியாமல் பைலொக் சேர்வருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. 2023 இல் ஒரு வாத்தியாரின் வழக்கில், அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்வரை போன வருசங்களை யார் கொடுப்பது?

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபரை ஒரு வாரம் போல முடக்கினார்களே, அப்போது கடைக்கு வந்த எல்லோருக்கும் இலவச வி.பி.என் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன், ஆளுக்கு ஐம்பது ரூபாய். அதை யார் நடத்துகிறார்கள் என்று ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. ரெண்டு கிழமையில் ஒரு டீச்சர் வந்து, "தம்பி, டேட்டா தண்ணியா ஓடுது, பேஸ்புக்ல யாரோ என் பேர்ல எழுதுறாங்க" என்று போனை நீட்டினார். வி.பி.என்னால்தானா என்று நிரூபிக்க என்னால் முடியவில்லை. ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. அப்புறம்தான் தேடி வாசித்தேன். பேஸ்புக் கம்பெனியே ஒனாவோ என்று ஒரு வி.பி.என்னை வைத்துக்கொண்டு, மற்ற எந்தச் செயலிகளைச் சனம் பாவிக்கிறது என்று பார்த்திருக்கிறது. சுரங்கத்துக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு, மச்சான்.

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மறுபடி முடக்கினபோது, அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே நானும் வி.பி.என்னில்தான் வந்திருக்கிறேன், இந்தத் தடையால் பயனில்லை என்று ட்விட்டரில் எழுதினார். அவர் எழுதலாம். அதே வார்த்தையை வேறு ஊரில் நீ ஹோட்டல் லொபியில் சொல்லிப் பார்.

உனக்கு இந்தப் பயணத்தில் மறைக்க ஒன்றுமே இல்லை, தேயிலை விலையைத் தவிர. ஆனால் உன் போனில் மற்றவர்கள் இருக்கிறார்கள். சங்கத்து வட்ஸ்அப் குழு, கொழும்பில் பத்திரிகைக்கு எழுதுகிற உன் கூட்டாளி, தெஹ்ரானில் உன்னைச் சந்திக்கப்போகிற வியாபாரி. நீ ஷங்காய்க்குப் பறந்துவிடுவாய், அந்த மனுசன் அங்கேயேதான் இருப்பார். அதனால் எதையும் ஒளிக்கப் பார்க்காதே, கொண்டுபோகாமலே விடு. உன் பெரிய போனை வீட்டில் வை. இங்கே ஒரு பழைய சாம்சுங் கிடக்கிறது, பற்றரி மாற்றி, எல்லாம் அழித்து, புதுசாய்ப் போட்டுத் தருகிறேன். துடைத்து வைத்தமாதிரி வெறுமையாகவும் விடமாட்டேன், அதுவும் லேபிள் இல்லாத கேசட்தான். பிள்ளைகள் படம், கோயில் திருவிழா, உன் தேயிலை மாதிரிகள் என்று நாலு இருக்கட்டும். பேங்க் செயலி வேண்டாம். எயார்போர்ட் வரிசைகளில் நிற்கும்போது போனை ஓப் பண்ணி வை. விரலை வைத்துத் திறக்கிற வசதியை எடுத்துவிடுகிறேன், நம்பர் மட்டும். ஆனால் அதிகாரி திறக்கச் சொன்னால் திற, சட்டம் பேசாதே.

வியாழக்கிழமை என் மச்சினன் கொழும்புக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். திறக்கிற நம்பரை இதில் எழுதமாட்டேன். நம் பழைய லயத்துக் காம்பரா இலக்கமும், நாம் இரண்டு பேரும் ஓ.எல் கணக்கில் கோட்டைவிட்ட வருசமும். ஞாபகம் வராவிட்டால் கோல் எடு, சிரித்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா பிஸ்தா கேட்டார். உப்புப் போட்டது வேண்டாமாம், பிரசர்.

இப்படிக்கு,
பஸ்ஸைத் தவறவிட்ட உன் கூட்டாளி